ஓபன் ஃபைலும் அனுப்புகிற ஃபைலும்

‘ஓபன் ஃபைல் அனுப்பிடுங்க’ என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் கேட்பது தொட்டதும் திறக்கிற ஃபைல். டிசைனர் காதில் விழுவதோ லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலங்கள், கலையாத பிஎஸ்டி; ஃபோட்டோஷாப்பின் சொந்த ஃபைல் வகை அது. கல்யாணப் பத்திரிகையின் பிஎஸ்டி 400 எம்பி இருந்தால் மாப்பிள்ளையின் சித்தப்பா கைபேசியில் அது திறக்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியது பிடிஎஃப். அச்சகத்துக்கு வேண்டியதும் பிடிஎஃப்தான், ஆனால் அது வேறு பிடிஎஃப். ஒன்றை எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்புவதில்தான் பாதித் தகராறு பிறக்கிறது. ஒருவருக்கு ஃபைல் கனம், இன்னொருவருக்குப் படம் உடைகிறது.

லேயர் ஃபோட்டோஷாப்புக்கு வந்தது 1994-ல், மூன்றாம் பதிப்பில். அதற்கு முன் ஒட்டினால் ஒட்டியதுதான், பிரித்தெடுக்க வழியில்லை. இன்றைய பிஎஸ்டிக்குள் லேயர், மாஸ்க் (ஒரு பகுதியை மறைக்கும் திரை), கண் மூடி வைத்த, அதாவது அழிக்காமல் மறைத்த பழைய மாதிரிகள், அட்ஜஸ்ட்மென்ட் (நிறத் திருத்தம்), ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலம் கலையாமல் உள்ளே வைத்த படம்), திருத்தக்கூடிய எழுத்து எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. இவற்றோடு கடைசியில் ஒரு தட்டையான முழுப் படமும் இருக்கும். ஃபோட்டோஷாப் அல்லாத மென்பொருள்களில் பல, லேயர்களைத் தொடாமல் இந்தத் தட்டைப் படத்தை மட்டும் எடுத்துக் காட்டும். மேக் கணினியின் ப்ரிவியூ செய்வதும் இதுதான். இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் பல தளங்கள் செய்வதும் இதுதான்.

அந்தத் தட்டைப் படம் இல்லாத பிஎஸ்டியும் உண்டு. ஃபோட்டோஷாப்பின் ப்ரிஃபரன்ஸில், ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில், ‘மேக்ஸிமைஸ் காம்பாட்டிபிலிட்டி’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஃபைல் சின்னதாகட்டும் என்று அதை ‘நெவர்’ ஆக்கி வைத்திருப்பார்கள். அப்படிச் சேமித்த ஃபைலை வேறு மென்பொருளில் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் பல மொழிகளில் ஒரே வாக்கியம் வரும்: இந்த லேயர் ஃபைல் கூட்டுப் படத்தோடு சேமிக்கப்படவில்லை என்று. ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று பதறி அழைப்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுவே. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோட்டோஷாப்பில் திறந்து, அமைப்பை ‘ஆல்வேஸ்’ ஆக்கி, ஏதாவது ஒரு சிறு மாற்றம் செய்து மறுபடி சேமித்தால் சரியாகிவிடும்.

அந்த ஒற்றை டிக்

ஃபோட்டோஷாப்பில் பிடிஎஃப் எடுக்கும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஃபைல் மெனு, சேவ் எ காப்பி, வகையில் ‘ஃபோட்டோஷாப் பிடிஎஃப்’. இங்கே இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

முதல் இடம், பெயர் கொடுக்கும் அதே பெட்டியில் உள்ள ‘லேயர்ஸ்’ டிக். அதை எடுத்துவிட்டால் எல்லாம் தட்டையாகி, எழுத்து உட்பட அனைத்தும் பிக்சலாக, அதாவது வெறும் வண்ணப் புள்ளிகளாகப் போய் உட்காரும். டிக் இருந்தால் எழுத்து லேயரும் ஷேப் லேயரும் வெக்டாராக, அதாவது கோட்டு வடிவமாகப் பிடிஎஃப்புக்குள் போகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. ‘பிடிஎஃப்பில்தானே கொடுத்தேன், எழுத்து ஏன் மங்கல்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் கிடைக்கும்: தட்டையாக்கி எடுத்த பிடிஎஃப் வெறும் ஜேபெக்குக்குப் போட்ட உறைதான்.

இரண்டாம் இடம் அடுத்து வரும் பெட்டியில், ‘ப்ரிசர்வ் ஃபோட்டோஷாப் எடிட்டிங் கேபபிலிட்டீஸ்’ என்ற வரி. ‘ஹை குவாலிட்டி பிரிண்ட்’ ப்ரீசெட்டை, அதாவது தயாராக வைத்த அமைப்புத் தொகுப்பைத் தேர்ந்தால் இது தானாகவே டிக் ஆகி வந்து நிற்கும். பெயரைப் பார்த்தால் நல்லதுபோல் தோன்றும். உண்மையில் இது முழு பிஎஸ்டியையும் பிடிஎஃப்பின் வயிற்றுக்குள் வைத்துக் கட்டுகிறது. 400 எம்பி பிஎஸ்டிக்கு 400 எம்பியை ஒட்டியோ அதற்கு மேலோ பிடிஎஃப் வரும். ‘பிடிஎஃப் ஆக்கினால் சின்னதாகும் என்றார்களே’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி இது.

கனத்தைவிட மோசமான விஷயம் ஒன்று இதில் உண்டு. டிக்கோடு போன பிடிஎஃப்பை ஃபோட்டோஷாப் வைத்திருக்கும் யாரும் திறந்தால் எல்லா லேயரும் அப்படியே கிடைக்கும், கண் மூடி வைத்த லேயர்களும் சேர்த்து. பள்ளி அடையாள அட்டைக்கான ஒரு டெம்ப்ளேட்டை எண்ணிப் பாருங்கள். முந்தைய மாணவர்களின் பெயர், படம், பெற்றோர் கைபேசி எண் எல்லாம் மறைந்த லேயர்களாக அடுக்கிக் கிடக்கும். மேலே தெரிவது ஒரு குழந்தையின் அட்டை. உள்ளே போவது வகுப்பு முழுவதும். விலைப்பட்டியல் போஸ்டரில் போன மாத விலையும், விளம்பரத்தில் வாடிக்கையாளர் வேண்டாம் என்ற வரியும் இப்படித்தான் வெளியே கசியும். வெளியாருக்குப் போகும் எந்தப் பிடிஎஃப்பிலும் இந்த டிக் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. விதிவிலக்கு ஒன்றே: மற்றொரு டிசைனருக்கு வேலையையே கைமாற்றும்போது. அப்போதும் பிஎஸ்டியையே கொடுத்துவிடலாமே.

டிக்கை எடுக்கும்போது ‘பின்னாளில் திருத்த முடியாது’ என்று ஓர் எச்சரிக்கை வரலாம். பயப்பட வேண்டாம். திருத்துவதற்கு பிஎஸ்டி உங்களிடம் இருக்கிறது.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பும் உண்டு. பிடிஎஃப்பிலேயே லேயரை ஆன், ஆஃப் செய்து பார்க்கும் வசதியை அக்ரோபேட்டில் பார்த்திருப்பீர்கள். பிடிஎஃப் 1.5-ல் வந்த வசதி அது. ஃபோட்டோஷாப் எடுக்கும் பிடிஎஃப்பில் அது வராது. வேண்டுமென்றால் பிஎஸ்டியின் பகுதிகளை இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ தனித்தனி லேயரில் வைத்து, அங்கிருந்து அக்ரோபேட் லேயர்களோடு ஏற்றுமதி செய்ய வேண்டும். இரண்டு மொழிப் பத்திரிகைக்கு அது உதவும். மற்ற நேரத்தில் தேவையில்லாத வேலை.

அளவு என்பது இரண்டு எண்

பிடிஎஃப்பின் பக்க அளவு எங்கிருந்து வருகிறது? பிக்சல் எண்ணிக்கையை பிபிஐயால், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்ணால் வகுத்தால் வருவதே பக்கம். ஏ4-க்கு 300 பிபிஐயில் 2480 × 3508 பிக்சல். அதே ஏ4 150-ல் 1240 × 1754. இன்ஸ்டாகிராமுக்காகச் செய்த 1080 × 1350 பிக்சல் போஸ்டர் 72 பிபிஐயில் இருந்தால் அதன் பிடிஎஃப் பக்கம் 15 அங்குல அகலமும் 18.75 அங்குல உயரமும் இருக்கும். கைபேசியில் வித்தியாசம் தெரியாது. ஜெராக்ஸ் கடையில் ‘ஆக்சுவல் சைஸ்’ என்று அச்சிட்டால் ஏ4 தாளில் நடுப்பகுதி மட்டும் வரும். பிடிஎஃப் எடுக்கும் முன் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்து, ‘ரீசாம்பிள்’ டிக்கை எடுத்துவிட்டு, அங்குலத்தைச் சரிசெய்யுங்கள். பிக்சல் மாறாது, பக்கம் மட்டும் மாறும்.

அச்சுக்கு பிளீட், அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் ஓரம் வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பிடிஎஃப் பெட்டியில், இன்டிசைனில் இருப்பதுபோல் கட்டிங் கோடும் பிளீடும் கொடுக்க இடமே இல்லை. ஆகவே கேன்வாஸையே பெரிதாக வைத்துத் தொடங்க வேண்டும். விசிட்டிங் கார்டு 3.5 × 2 அங்குலம், அதாவது 88.9 × 50.8 மிமீ. சுற்றி 3 மிமீ சேர்த்தால் 94.9 × 56.8 மிமீ, 300 பிபிஐயில் 1121 × 671 பிக்சல். வெட்டும் கோட்டுக்கு உள்ளே இன்னும் 3 மிமீ வரை எழுத்து எதுவும் போகாமல் கைடு போட்டுக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும்போது ‘3 மிமீ பிளீட் உள்ளே சேர்ந்திருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் முழுப் படத்தையும் கார்டு அளவுக்குச் சுருக்கி ஓட்டிவிடுவார்கள்.

பிளெக்ஸில் அளவு வேறு மாதிரி காலை வாரும். பிடிஎஃப்பின் பழைய அளவுமுறையில் பக்கத்தின் நீளமோ அகலமோ அதிகபட்சம் 14,400 அலகு, அதாவது 200 அங்குலம். பிந்தைய பதிப்பில் இதைத் தாண்ட வழி உண்டு என்றாலும் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. 20 அடி அகல பேனர் 240 அங்குலம். எனவே சுருக்கி வைத்து எடுக்க வேண்டும். பழக்கத்தில் பத்தில் ஒன்று வைப்பார்கள்: 20 × 10 அடிக்கு 24 × 12 அங்குலம், நிஜ அளவில் 72 பிபிஐ வேண்டுமென்று 720 பிபிஐ. கணக்கு சரி. ஆனால் ‘ஹை குவாலிட்டி பிரிண்ட்’ ப்ரீசெட்டின் கம்ப்ரஷன் பகுதியில் ஒரு விதி ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது: 450 பிபிஐக்கு மேல் உள்ள படத்தை 300-க்கு இறக்கு. 720 பிபிஐ 300 ஆகிறது. பத்து மடங்கு பெரிதாக்கினால் 30 பிபிஐ. பேனர் கம்பத்தில் ஏறிய பிறகு தலைவரின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். கம்ப்ரஷன் பகுதியில் ‘டு நாட் டவுன்சாம்பிள்’ கொடுங்கள். அல்லது நான்கில் ஒன்று வையுங்கள்: 60 × 30 அங்குலம், 288 பிபிஐ. பிக்சல் அதே 17,280 × 8,640. வரம்புக்குக் கீழே இருப்பதால் ப்ரீசெட் அதைத் தொடாது. 30,000 பிக்சலைத் தாண்டினால் பிஎஸ்டி சேமிக்காது, பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி வகைக்குப் போக வேண்டும். ஆனால் பிளெக்ஸுக்கு அந்த அளவு தேவைப்படுவதே அபூர்வம்.

தமிழ் எழுத்து

மற்ற மொழிக் கையேடுகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் ஊரில் தகராறு அதிகம் வருவதும் இங்கேதான்.

டிடிபி சென்டர்களில் மேட்டர் இன்னும் பாமினியிலும் அதுபோன்ற பழைய எழுத்துருக்களிலும் ஓடுகிறது. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி மாட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பிஎஸ்டியைத் திறந்தால் லேயர் பேனலில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் வரும். படம் பழையபடியே தெரிவதால் கவலைப்படாமல் விட்டுவிடுவார்கள். ஒரு முறை எழுத்துக் கருவியால் சொடுக்கி மாற்று எழுத்துருவை ஒப்புக்கொண்டால் போதும், முகமூடி கழன்று ஆங்கில விசைகள் பல்லிளிக்கும். எழுத்துரு உள்ள கணினியில்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும். எடுத்தால் எழுத்துரு பிடிஎஃப்புக்குள் பதிந்து போகும், எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது. ‘அம்மா’ என்று தேடுபவருக்கு ஐந்து ஆங்கில விசைகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஃபைல் எதையும் தராது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை குறையும், வேறொன்று வரும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து இயந்திரம் லத்தீனுக்கும் கிழக்காசிய மொழிகளுக்கும் என்று அமைந்திருக்கும். அதில் ‘கொ’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னாலேயே, புள்ளிவட்டத்தோடு நிற்கும். ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் பழைய பதிப்பில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்று இருக்கும். அத்தோடு முடியாது. ஏற்கெனவே அடித்த லேயர் பழைய முறையிலேயே நிற்கும். ஒவ்வொன்றையும் தேர்ந்து, பாரகிராஃப் பேனலின் மூலை மெனுவில் வேர்ல்டு-ரெடி கொடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இந்தக் கஷ்டம் இல்லை.

யூனிகோடு பிடிஎஃப்பிலும் காப்பி எடுத்தால் எழுத்து முன்பின்னாக வரலாம். பிடிஎஃப் சேமிப்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து வடிவங்களை. ‘கொடி’யில் முதலில் வருவது கொம்பு, அடுத்து க, பிறகு கால். திரும்ப எழுத்தாக்கும்போது அந்த வரிசை சரியாகக் கூடாமல் போகும். அழைப்பிதழுக்கு இது பொருட்டில்லை. சுற்றறிக்கையோ கையேடோ என்றால் ஃபோட்டோஷாப்பில் மேட்டர் அடிப்பதே தப்பு. லிப்ரேஆஃபிஸிலோ வேர்டிலோ அடித்துப் பிடிஎஃப் எடுங்கள், படத்தை மட்டும் பிஎஸ்டியிலிருந்து கொண்டு போங்கள்.

அச்சகம் ‘கர்வ் பண்ணிட்டீங்களா?’ என்று கேட்கும். கோரல்டிராவிலிருந்து வந்த பேச்சு. எழுத்தை எழுத்தாக விடாமல் கோட்டு வடிவமாக்குவது. ஃபோட்டோஷாப்பில் எழுத்து லேயர்களை எல்லாம் தேர்ந்து வலது சொடுக்கி ‘கன்வர்ட் டு ஷேப்’. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாமல் டி பொத்தானை அழுத்திப் போலியாகத் தடிக்க வைத்திருந்தால் இது மறுத்துவிடும். அந்தப் போலித் தடிப்பை எடுத்துவிட்டு, வேண்டுமானால் ஸ்ட்ரோக் கொடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்டியின் நகலில்தான் கர்வ் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மூலத்தில் செய்துவிட்டு, மறுநாள் ‘முகூர்த்த நேரம் மாறிடுச்சு’ என்று போன் வரும்போது விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தட்டையாக்கித்தான் அனுப்புவேன் என்றால் ஒரு கணக்கு. 8 பாயின்ட் எழுத்து 300 பிபிஐயில் 33 பிக்சல் உயரம். 200-ல் 22. ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ ப்ரீசெட் படங்களை 100 பிபிஐக்கு இறக்கும்; அங்கே 11 பிக்சல். பதினொரு பிக்சலில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பிக்சலாவது மிஞ்சினால் அதிர்ஷ்டம். அது ஜேபெக் சுருக்கத்தில் சாம்பலாகிக் கரைந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி கரைந்தால் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் ‘கண்’ ‘கண’ ஆகிவிடும். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் வரும் உற்றார் உறவினர் பெயர்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு இந்த விளக்கமெல்லாம் எடுபடாது.

அச்சகத்துக்கு ஒன்று

நகலைத் திறந்துகொண்டு, லேயர் மெனுவில் டெலிட், ‘ஹிடன் லேயர்ஸ்’. கண் மூடியவை எல்லாம் போய்விடும். எழுத்தும் லோகோவும் ஷேப்பும் மேலே ஒரு குழுவாக வரட்டும். அதன் கீழே உள்ள படம், டெக்ஸ்சர், நிழல், அட்ஜஸ்ட்மென்ட் எல்லாவற்றையும் தேர்ந்து கன்ட்ரோல்-இ அழுத்தி ஒன்றாக்குங்கள். எழுத்துக்கு மேலே வந்து விழும் பூவோ கொடியோ இருந்தால் அதைத் தனியாக விட்டுவிடலாம். லோகோ இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வந்திருந்தால் அதுவும் வெக்டாராகப் போகும் என்று நம்ப வேண்டாம்; ஃபோட்டோஷாப் அதைப் பிக்சலாக்கித்தான் அனுப்பும். ஷேப் லேயராக ஒட்டினால்தான் கோடு கோடாக இருக்கும்.

இந்த ஒன்றாக்கும் வேலையை நிறமாற்றத்துக்கு முன் செய்ய வேண்டும், பின்னால் அல்ல. மல்டிப்ளை, ஓவர்லே, ஸ்கிரீன் போன்ற கலப்பு முறைகள் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) எண்களில் ஒரு விடையும் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மைகள்) எண்களில் வேறு விடையும் தரும். அரக்குப் பின்னணியில் ஓவர்லே போட்ட தங்க டெக்ஸ்சர், லேயர் கலையாமல் சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் சேறாகிவிடும். ஒன்றாக்கிய பிறகு எடிட் மெனுவில் ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ சென்று அச்சகம் சொல்லும் ப்ரொஃபைலை, அதாவது நிற வரையறையைக் கொடுங்கள். அந்தப் பெட்டியில் ‘ஃப்ளாட்டன் இமேஜ்’ என்ற டிக் இருக்கும்; அதை எடுக்காவிட்டால் மேலே காப்பாற்றி வைத்த எழுத்தும் தட்டையாகும். ‘அசைன் ப்ரொஃபைல்’ என்று பக்கத்தில் இருப்பதைத் தொட வேண்டாம். அது எண்களை மாற்றாமல் அர்த்தத்தை மட்டும் மாற்றுவது.

அடுத்து கறுப்பு. ஆர்ஜிபியில் 0, 0, 0 என்று இருந்த கறுப்பு எழுத்து, ஃபோட்டோஷாப்பின் வழக்கமான ஸ்வாப் ப்ரொஃபைலில் சிஎம்ஒய்கே ஆகும்போது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிறது. கூட்டினால் 300 சதவீத மை. திரையில் அழகான கறுப்பு. ஆஃப்செட்டில் அந்தப் பொடி எழுத்து, மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டிலும் ஏறுகிறது. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழுந்தால்தான் எழுத்து நிற்கும். ஒரு முடியளவு நகர்ந்தாலும் கறுப்புக்கு ஓரத்தில் சிவப்பு நிழலோ நீல நிழலோ கசியும், மெய்ப்புள்ளி அடைத்துக்கொள்ளும். மாற்றம் முடிந்ததும் கறுப்பு எழுத்து லேயர் ஒவ்வொன்றின் நிறத்தையும் 0, 0, 0, 100 என்று கையால் கொடுங்கள். ஒரே பிளேட், ஒரே கறுப்பு. பெரிய கறுப்புப் பின்னணிக்கு இது பொருந்தாது; அங்கே வெறும் 100 கறுப்பு சாம்பலாகத் தெரியும், கூடவே கொஞ்சம் சியான் சேர்ப்பார்கள்.

பிறகு கர்வ், பிறகு 16 பிட்டாக இருந்தால் 8 பிட், பிறகு சேவ் எ காப்பி. ப்ரீசெட் எது என்று அச்சகத்தைக் கேளுங்கள். பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்பார்கள் சிலர், எக்ஸ்-4 என்பார்கள் சிலர்; இரண்டும் அச்சுக்கான பிடிஎஃப் தரங்கள். 1ஏ ஒளிபுகும் தன்மையை ஏற்காது, ஆர்ஜிபியையும் ஏற்காது. எல்லாவற்றையும் உடைத்துத் துண்டு துண்டாக்கி அடுக்கும். எக்ஸ்-4 ஒளிபுகுதலை அப்படியே விடும். 1ஏ ஃபைலைத் திரையில் பார்த்தால் துண்டுகளுக்கு நடுவே முடியளவு வெள்ளைக் கோடுகள் தெரியலாம். பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பாருங்கள்: கோட்டின் தடிமன் மாறாமல், சில அளவுகளில் காணாமலே போனால் அது திரையின் வேலை, அச்சில் வராது.

தங்க ஃபாயில் அடிக்கும் பத்திரிகை என்றால் ஃபாயில் வரும் இடம் மட்டும் 100 கறுப்பில் தனி பிடிஎஃப். டிசைனிலேயே தங்கக் கலரில் வைத்து அனுப்பினால் அதுவும் அச்சாகி, அதன்மேல் ஃபாயிலும் ஏறும்.

கைபேசிக்கு ஒன்று

இது சுருக்கமான வேலை. மூல ஆர்ஜிபி பிஎஸ்டியின் நகல். கட்டாயம் திரைக்கான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல். சிஎம்ஒய்கே பிடிஎஃப்பைக் கைபேசி செயலிகள் தத்தம் இஷ்டப்படி காட்டும். ஒன்றில் பச்சை கண்ணைக் குத்தும், இன்னொன்றில் செத்துக் கிடக்கும். எழுத்தை இதிலும் வெக்டாராகவே விடுங்கள், ஃபைலும் சின்னது, பெயரும் தெளிவு. படத்துக்கு 200 பிபிஐ போதும்: 5 × 7 அங்குலப் பத்திரிகைக்கு 1000 × 1400 பிக்சல். எடிட்டிங் டிக் இல்லாமல், ஜேபெக் ‘ஹை’யில் எடுத்தால் பொதுவாக ஓரிரு எம்பிக்குள் முடியும்.

முன்பணம் வராத வேலையின் மாதிரி என்றால் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: எல்லாவற்றையும் தட்டையாக்கி, 100 பிபிஐக்கு இறக்கி, குறுக்கே ‘மாதிரி’ என்று எழுதி அனுப்புங்கள். பாஸ்வேர்டு போட்டு அச்சிடுவதைத் தடுக்கலாமே என்பீர்கள். திறக்கவே கேட்கும் பாஸ்வேர்டு வேலை செய்யும். ‘அச்சிடாதே, காப்பி எடுக்காதே’ என்ற அனுமதிப் பாஸ்வேர்டை மதிப்பதும் மதிக்காததும் திறக்கிற மென்பொருளின் மனசு. அதைப் பூட்டு என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், 2 ஜிபி வரை. பிடிஎஃப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பினால் செய்த வேலை வீண். ஜிமெயிலில் எல்லை 25 எம்பி என்றாலும் இணைப்பு மின்னஞ்சலுக்காக மாற்றி எழுதப்படும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். 18 எம்பியைத் தாண்டினால் டிரைவ் இணைப்பாகவே கொடுத்துவிடுங்கள்.

பல பக்கப் பத்திரிகையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் பிடிஎஃப்பாக எடுத்துப் பிறகு சேர்ப்பதே நிம்மதி. ஆர்ட்போர்டில் செய்திருந்தால் ஃபைல், எக்ஸ்போர்ட், ‘ஆர்ட்போர்ட்ஸ் டு பிடிஎஃப்’.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்

உலாவியில் ஓடும் ஃபோட்டோபீ பிஎஸ்டியை லேயரோடு திறக்கும். ஃபைலைச் சர்வருக்கு ஏற்றாமல் உங்கள் கணினியிலேயே வேலை செய்வதால், அடையாள அட்டை போன்ற ஃபைல்களுக்கு முகம் தெரியாத மாற்றித் தரும் தளங்களைவிட இதுவே மேல். எழுத்துருவை மட்டும் நீங்கள் இழுத்துப் போட வேண்டும்.

இலவச மென்பொருளான கிம்ப் 2.10 பிஎஸ்டியைத் திறக்கும்; எழுத்து பிக்சலாகிவிடும், அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வேலை செய்யாது. திறந்ததும் நிறம் வெளிறித் தெரிந்தால் காரணம் அதுதான். அதன் பிடிஎஃப் ஏற்றுமதியில் ‘லேயர்ஸ் ஆஸ் பேஜஸ்’ என்று ஒன்றுண்டு. ஒவ்வொரு லேயரும் ஒரு பக்கம். பல பக்கத்தையும் ஒரே ஃபைலில் லேயராக வைத்துச் செய்தவருக்கு அது வரப்பிரசாதம். கீழ் லேயர்தான் முதல் பக்கம்; திருப்பவும் அங்கேயே டிக் இருக்கிறது.

இமேஜ்மேஜிக்கில் கட்டளை வரியிலிருந்து மாற்றுபவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். பிஎஸ்டியை அப்படியே கொடுத்தால் முதல் பக்கத்தில் முழுப் படம், பிறகு ஒவ்வொரு லேயருக்கும் ஒரு பக்கம். 60 லேயர் பிஎஸ்டி 61 பக்கப் பிடிஎஃப்பாக வந்து இறங்கும். ஃபைல் பெயரை ஒட்டிச் சதுர அடைப்புக்குள் சுழியம் போட்டால் முழுப் படம் மட்டும் வரும். உபுண்டுவில் ‘அனுமதி இல்லை’ என்று மறுத்தால் மென்பொருளின் பாலிசி ஃபைலில் பிடிஎஃப் பாதுகாப்புக் காரணத்துக்காக மூடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அனுப்பும் முன் அடோபி ரீடரில் திறந்து ஒரு பொடி எழுத்தை 1600 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். விளிம்பு வழவழவென்று இருந்தால் வெக்டார், படிக்கட்டாக இருந்தால் பிக்சல். கன்ட்ரோல்-டி அழுத்தி ஃபான்ட்ஸ் தாவலைப் பாருங்கள்: எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் ‘எம்பெடட் சப்செட்’ என்றிருக்க வேண்டும். கர்வ் செய்திருந்தால் பட்டியலே காலியாக இருக்கும். இந்தச் சோதனையை ஃபோட்டோஷாப்பில் செய்யக் கூடாது. எடிட்டிங் டிக் இல்லாத பிடிஎஃப்பை அது திறக்கும்போதே பிக்சலாக்கிவிடும், பிறகு நல்ல ஃபைலும் உடைந்தே தெரியும்.

கடைசியில், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கேள்வி: ‘பிடிஎஃப் இருக்கு, பிஎஸ்டி ஆக்கித் தர முடியுமா?’ அந்த எடிட்டிங் டிக்கோடு போனதென்றால் ஃபோட்டோஷாப்பில் திறந்தாலே போதும், எல்லா லேயரும் வந்து நிற்கும். டிக் இல்லாமல் போனதென்றால் இல்லஸ்ட்ரேட்டரிலோ இங்க்ஸ்கேப்பிலோ திறந்து எழுத்தையும் ஷேப்பையும் பொறுக்கி எடுக்கலாம். கோரலில் இம்போர்ட் செய்யும்போது டெக்ஸ்ட்டா கர்வா என்று கேட்டால், எழுத்துரு இல்லாதவர் கர்வ் கொடுக்க வேண்டும். கீழே ஒன்றாகிப்போன படம் படம்தான். மணமகள் முகத்தின் மேல் விழுந்த பூவை அதிலிருந்து தூக்க முடியாது.